கண்மாய்ப் பந்தயமும் ஒரு தீப்பெட்டியும்

எம். புதுப்பட்டிக்கு வெளியே, வற்றிய கண்மாய்க்குள் இடமும் வலமுமாய் வளையும் மண் தடத்தில் பழைய கார்களின் பந்தயம். போன வருஷம் கடைசியாய் வந்த செல்வி, பட்டாசுக் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறவர், இன்று கடைசி வளைவில் காரியாபட்டி மெக்கானிக்கை முந்தி முதலில் வந்துவிடுகிறார்.

கம்பெனி ஆட்கள் பத்தாயிரம் வாலாவை விரித்துவிட்டு, ஆளாளுக்குச் சட்டைப்பையைத் தடவுகிறார்கள்.

"இத்தனை பேரில் ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லையா?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறேன்.

"கம்பெனி கேட்ல தடவிப் பாப்பாகல்ல. லீவு நாள்லயும் எடுத்து வைக்கத் தோணாதுங்க."

செல்வி, பீடியோடு நிற்கும் மெக்கானிக்கிடம் போகிறார். "லோடு அடிக்கத்தான் லாயக்குன்னீகளே மாமா, தீப்பெட்டியக் குடுங்க."

"தள்ளி நில்லு தாயி" என்று அவரே குனிந்து திரியைப் பற்றவைக்கிறார். கண்மாய் அதிர்கிறது. தோற்றவரும் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.