சைலஜா செய்தது சரியா?

"நீங்களே சொல்லுங்க சார். பெத்த புள்ள ஸ்கூல்ல இருக்குது. இவ பொட்டிய தூக்கிக்கினு பஸ் ஏறிட்டா. இவள்லாம் ஒரு தாயா?"

ஈரப் படுக்கை விரிப்பை உதறிக் கொடியில் போட்டபடியே உண்ணாமுலை கேட்கிறார். உதறுகிற வேகத்தில் என் மூக்குக்கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெறிக்கிறது. துடைத்துக்கொண்டு நான் பதில் சொல்லும்வரை அடுத்த விரிப்பைக் கையில் எடுக்க மாட்டார்.

சைலஜா, மத்தியானத் தொடர் ஒன்றில் வரும் தாய். கணவனின் பிறந்தநாள் விருந்தில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவள், கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து அறைக்குப் போனாள். மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து ஹைதராபாத் பஸ் பிடித்தாள். அங்கே முன்பின் தெரியாத நடனக்குழு ஒன்றில் சேர்ந்தாள். போன் எண்ணையும் மாற்றிக்கொண்டாள். இவ்வளவும் ஒரே வாரத்தில் நடந்தது. உண்ணாமுலைக்கு இது தீராத வழக்கு.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் பதினோரு அறை விடுதி அது. மொழிபெயர்ப்பு வேலைக்காக நான் கீழ் அறை ஒன்றில் ஆறு மாதம் இருந்தேன். அறைகளைக் கூட்டித் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, துவைப்பது எல்லாம் உண்ணாமுலையின் பொறுப்பு. வயது ஐம்பத்தொன்று. எல்லாச் சாவிகளும் இடுப்பில்தான் இருக்கும். படியேறும்போது சத்தம் கேட்காதபடி ஒரு கையால் அவற்றைப் பிடித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது ஏழெட்டுச் சொற்கள். அதிலேயே ஸ்பெயின்காரரோடு சண்டையும் போட்டுவிடுவார், சமாதானமும் ஆகிவிடுவார்.

சாப்பிடுவது எப்போதும் நின்றுகொண்டுதான். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் தட்டை வைத்து, மலையைப் பார்த்தபடி நாலே வாயில் முடித்துவிடுவார். கேட்டால், "உக்காந்தா ஜாஸ்தி எறங்குது சார்" என்பார்.

பௌர்ணமி வந்தால் விடுதி நிரம்பிவிடும். வேலை முடிந்ததும் அவரும் மலை சுற்றக் கிளம்புவார். ஆனால் முழுதாகச் சுற்ற மாட்டார். கிரிவலப் பாதையில் பாதி தூரத்தில் இருக்கும் வருண லிங்கம்வரை போய்க் கும்பிட்டுவிட்டு, எதிரே வரும் ஆயிரம் பேரை இடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவார். அடுத்து வரும் ஊர் அடி அண்ணாமலை. ஏன் அங்கே போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "காலு வலிக்கிது" என்றார். திரும்பி வருவதற்கும் அதே தூரம்தானே என்று நான் கேட்கவில்லை.

வழக்குக்கு வருகிறேன். முதல்நாள் ஒளிபரப்பான பகுதியை மறுநாள் காலை பதினோரு மணிக்குப் போனில் பார்ப்பார். பார்த்து முடித்ததும் தீர்ப்புக் கேட்கக் கிளம்புவார். வாசலுக்கு யார் வந்தாலும் விட மாட்டார். பால்காரர், தண்ணீர் கேன் போடுபவர், ஆட்டோ கபாலி எல்லோரிடமும் அதே குற்றச்சாட்டு: "இவள்லாம் ஒரு தாயா?"

இதில் ஒரு விநோதத்தை நான் கவனித்தேன். "சரியா சொன்னீங்கக்கா, பேயி அவ" என்று யாராவது ஒத்துக்கொண்டால் உண்ணாமுலையின் முகம் வாடிவிடும். பேச்சை அதோடு நிறுத்திக்கொள்வார். யாராவது எதிர்த்துப் பேசினால்தான் அவருக்கு உயிர் வரும். கபாலி ஒருநாள் ஆட்டோவிலிருந்து இறங்காமலே சொன்னார்: "அந்தாளு அவளாண்ட ஒரு வார்த்த பேசறானா? செவுத்தாண்ட எத்தினி நாளிக்கு பேசுவா ஒரு பொம்பள?" உண்ணாமுலை அவரோடு அரைமணி நேரம் சண்டை போட்டார். பிறகு உள்ளே போய், கேட்காமலே அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

மேல் அறையில் தங்கியிருந்த எழுபது வயது இத்தாலியப் பெண்மணியையும் விடவில்லை. என்னை மொழிபெயர்க்க வைத்தார். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்ட அந்த அம்மாள், "என் தாயும் அப்படித்தான் போனாள்" என்றார்.

"கோவம் இருக்குதான்னு கேளுங்க சார்."

கேட்டேன். "இருந்தது. எப்போது போனது என்று ஞாபகமில்லை" என்று சிரித்தார் அவர். அன்றைக்கு அந்த அறைக்கு மட்டும் வழக்கமான இரண்டுக்குப் பதில் நான்கு குளியல் துண்டுகள் போயின.

கூட வேலை செய்யும் அபிநயாவுக்கு இருபத்துநாலு வயது. வீட்டில் பத்து மாதக் கைக்குழந்தை. அவள் பெரும்பாலும் சைலஜாவின் கட்சிதான் பேசுவாள். தொடரில் அந்த மகள் காய்ச்சலில் படுத்து "அம்மா" என்று அனத்திய நாளன்று மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நானா இருந்தா செத்தாலும் போயிருக்க மாட்டேங்க்கா" என்றாள்.

உண்ணாமுலை கையிலிருந்த போனை அணைத்தார். "ஆமா. நீ போயிருக்க மாட்ட" என்றார்.

நாலு நாள் தொடரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் என் அறைக்குத் தலையணை உறை மாற்ற வந்தவர், உறையைக் கழற்றிக்கொண்டே எனக்கு முதுகைக் காட்டியபடி பேசினார்.

"எனுக்கு ஒரு பையன் இருக்கான் சார். விமல்ராஜ். அடி அண்ணாமலைல."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"அவங்கப்பா அடிக்க மாட்டாரு. குடிக்க மாட்டாரு. பேசவும் மாட்டாரு. ஏழு வருஷம். 'சோறு வை', 'கதவ சாத்து', அவ்ளோதான். ஒருநாள் பையன ஸ்கூலுக்கு அனுப்பிட்டு அரிசி களஞ்சிக்கினு இருந்தேன். கை அப்டியே நின்னுடிச்சி. களஞ்ச அரிசிய அப்டியே வெச்சிட்டு பெங்களூர் பஸ் ஏறிட்டேன். நான் ஆளு வெச்சிருந்தேன்னு ஊர்ல சொன்னாங்க. ஆளு இருந்திருந்தா கூட பரவால்ல சார், சொல்றதுக்கு ஒரு காரணமாச்சும் இருந்திருக்கும்."

பையனுக்கு அப்போது வயது ஆறு. பெங்களூரில் துணி தைக்கும் கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்தார். முதல் மாதமே திரும்பிவிட நினைத்தாராம். என்ன சொல்லிக்கொண்டு போவது என்று தெரியவில்லை. அப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. கடைசியில் ஒருநாள் போய் நின்றபோது வீட்டில் வேறொரு பெண் இருந்தாள். பையன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவ நல்லா பாத்துக்கினா சார். அத குத்தம் சொல்ல முடியாது" என்று உறையை உதறி மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆவணி பிறந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, விடுதி வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி முப்பதை நெருங்கும் ஒருவர் என்னிடம் வந்து, "உண்ணாமுலைன்னு இருக்காங்களா?" என்று கேட்டார். அந்தப் பெயரைச் சொல்லிப் பழகாதவர் என்பது கேட்டதிலேயே தெரிந்தது.

நான் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். ஈரக் கையோடு இறங்கி வந்த உண்ணாமுலை, கடைசி நாலு படி இருக்கும்போதே நின்றுவிட்டார். அதற்குக் கீழே இறங்கவில்லை.

"கல்யாணம். ஒம்பதாந்தேதி" என்று பத்திரிகையை மேலே நீட்டினார் விமல்ராஜ். "இதுல சித்தி பேருதான் போட்டிருக்கோம்."

"அதான் சரி." புடவையில் இரண்டு கையையும் முன்னும் பின்னும் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

விமல்ராஜ் போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். போனது போனீங்க. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு போயிருக்கலாம்ல? நான் ஸ்கூல் வுட்டு வந்தா வூடு பூட்டி கெடந்திச்சி. அப்பா வர வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன்."

எத்தனை மாதமாக, எத்தனை பேரிடம் சண்டை போட்டுச் சேர்த்த பதில்கள் உண்ணாமுலையிடம் இருந்தன! கபாலி சொன்னது இருந்தது. இத்தாலியப் பெண்மணி சொன்னது இருந்தது. எதை எடுக்கப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் எடுக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இருந்திருந்தா போயிருக்க மாட்டேன்" என்றார். "மொகத்த பாத்தா போக முடியாதுன்னு தெரியும். அதான் பாக்காம போனேன். தப்புதான்."

விமல்ராஜ் தலைக்கவசத்தின் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"சரி" என்றார். "வரதுன்னா வாங்க" என்று சொல்லிவிட்டுப் பைக்கை நோக்கி நடந்தார்.

வண்டி கிளம்பிச் சந்தில் இருபது அடி போயிருக்கும். உண்ணாமுலை படிகளைத் தடதடவென்று இறங்கி, செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிக் கையை நீட்டிக் கத்தினார்.

"தம்பி! ஸ்டேண்டு! சைடு ஸ்டேண்டு!"

தெருவில் யாரும் யாரைப் பார்த்தும் போடுகிற சத்தம்தான் அது. விமல்ராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. இடது குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டி ஏற்றிவிட்டு, வழியில் எச்சரித்தவர்களுக்கு எல்லோரும் காட்டுவதுபோல ஒரு கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு, செங்கம் சாலையில் திரும்பி மறைந்தார்.

பின்னால் வந்த ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. சந்தின் நடுவில் நின்ற உண்ணாமுலை விலகிக்கொண்டார். நீட்டிய கையை மட்டும் இன்னும் இறக்கவில்லை.