கோலியர்ஸ் வுட்டில் ஒரு சோடி காலுறை

இந்தப் பயணம் ஒரு பின்னூட்டத்தில் தொடங்கியது. தாய்லாந்து ரயில்களைப் பற்றிச் சென்ற ஆண்டு இங்கே எழுதிய கட்டுரையில், எண்பதாம் ஆண்டு கம்போடிய எல்லை முகாம் ஒன்றில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக நான் படமெடுத்த சிறுவனைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வயது பதின்மூன்று, பெயர் சொபால், தோளில் அவனைவிட நீளமாகத் தோன்றிய துப்பாக்கி. அவன் பிழைத்தானா என்பது தெரியாது என்று அந்தப் பத்தியை முடித்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து, வசந்தி என்பவர் அதன் கீழே இப்படி எழுதியிருந்தார்: “அண்ணை, நீங்கள் தேடுற பொடியன் லண்டனிலை என்ர குசினியிலை நிண்டு ரோல்ஸ் பொரிக்கிறார். நாப்பது வயசு. நல்லாச் சாப்பிடுறார். வந்து பாருங்கோ.”

கோலாலம்பூரில் என் மேசையில் அமர்ந்து அந்த நான்கு வரிகளைப் பலமுறை படித்தேன். பிறகு எழுந்து, ஒரு காரணமும் இல்லாமல், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

சில மாதங்களில் லண்டன் தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் படத்தை அந்நாளில் அவர்களுக்கு நான் கட்டணமின்றிக் கொடுத்திருந்தேன். அவர்கள் அதைச் சுவரொட்டியாக்கினார்கள். “பயமாக இல்லையா?” என்று நான் கேட்டதற்கு முகாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கிடைத்த பதில் அதன் கீழே பெரிய எழுத்தில் இருந்தது: “என் துப்பாக்கியே எனக்குத் தாயும் தந்தையும்.” நீங்களும் எங்கேனும் பார்த்திருக்கக்கூடும். அந்தச் சிறுவன் கிடைத்துவிட்டான், மே மாதத்தில் இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தப்போகிறோம், விமானச் சீட்டு எங்களுடையது என்றார்கள். ஒரு நிபந்தனையும் இருந்தது. மேடையில் நிகழும் தழுவல் புதிதாக இருக்க வேண்டுமாம். ஆகவே அதற்குமுன் நாங்கள் சந்திக்கக் கூடாதாம். சீட்டை ஏற்றுக்கொண்டேன். நிபந்தனையை ஏற்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாலை ஹீத்ரோவில் இறங்கினேன். முதல்முறை செல்பவர்களுக்கு: சுரங்க ரயில் நிலையத்திலேயே ஆய்ஸ்டர் அட்டை வாங்கிவிடுங்கள், மூன்று பவுண்டு முன்பணம். காலை ஏழுக்குமுன் நுழைந்தால் அட்டையில் இரண்டு பவுண்டுதான் கழியும். கைக்காசாகக் கொடுத்தால் நான்கு. பிக்கடிலி தடத்தில் லெஸ்டர் ஸ்கொயர் வரை சென்று, நார்தர்ன் தடத்தில் தெற்கே மாற வேண்டும். மோர்டன் என்று போட்ட வண்டியே நமக்குரியது. கென்னிங்டனோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிட்டாலும் அஞ்ச வேண்டாம். அங்கே எதிர்ப்பக்க நடைமேடைக்கு மாறினால் போதும். எனக்கு வாசல் முதல் வாசல் வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கோலியர்ஸ் வுட் நிலைய வாசலில், எதிரே விகாரமான பழுப்பு அலுவலகக் கோபுரம் வானத்தை மறைத்து நிற்க, எண்ணெய் ஊறிய காகிதப் பையுடன் ஒருவர் காத்திருந்தார். அகன்ற முகம், சற்றே தொப்பை. அந்தக் கண்களை நான் அறிவேன். என்ன மொழியில் தொடங்குவது என்று நான் தயங்கியபோது அவர் முந்திக்கொண்டார்.

“வாங்கோ அண்ணை. நல்லா மெலிஞ்சு போனியள். அண்டைக்கு நல்ல கொழுத்த ஆள்.”

“நீங்க... தமிழ் பேசுறீங்க!”

“ஓம். ஏன், விளங்கேல்லையோ? மலேசியாக்காரருக்கு எங்கட தமிழ் கொஞ்சம் கஷ்டம் எண்டு வசந்தி சொன்னவ.”

எங்கட தமிழ்! இருபத்தேழு ஆண்டுகளுக்குமுன் எங்களுக்கிடையே ஒரு பொதுச்சொல்கூட இருந்ததில்லை. முகாமிலிருந்து தாயும் மகனும் பிரான்சுக்குப் போயிருக்கிறார்கள். பாரிசில் ஓர் உணவகத்தில் அவருக்குக் கோப்பை கழுவும் வேலை. “பதினொரு யாழ்ப்பாணத்தார், நான் ஒராள். பிரெஞ்சு வரமுதல் தமிழ் வந்திட்டுது. முதல் படிச்சது முழுக்கத் தூசணம், கெட்ட பேச்சு, அண்ணை. அதை வசந்தி பிறகு கழுவிப்போட்டா.” அந்தப் பதினொருவரில் ஒருவருடைய தங்கைதான் அவர் மணந்த வசந்தி. ஐந்து ஆண்டுகளுக்குமுன் எல்லோருமாக லண்டனுக்கு வந்து, டூட்டிங்கில் ஒரு சிற்றுண்டிக் கடை நடத்துகிறார்கள். ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒன்று அறுபது பென்ஸ். நிலையத்திலிருந்து வீடு வரையிலான எட்டு நிமிட நடையில் நான் மூன்று உண்டேன். தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

வாட்டர்லூவில் நிறுவனத்தார் பதிவு செய்திருந்த விடுதியைப் பற்றி வசந்தியிடம் சொன்னேன். “ஹோட்டலோ? நல்ல கதை,” என்று என் பெட்டியைப் பறித்து உள்ளே வைத்துவிட்டார். விவாதம் அத்துடன் முடிந்தது.

குசினி மேசையில் தேநீர் வந்தது. நான் பரிசாகக் கொண்டுசென்றிருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். சுவரொட்டியில் இடுப்போடு வெட்டப்பட்டிருக்கும் அந்தப் படத்தின் முழு வடிவம் அது. சொபால் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் கீழே காட்டினார். அளவில் மிகப் பெரிய சப்பாத்து. பின்பகுதியை மிதித்து நசுக்கி, அதன்மேல் நிற்கும் வெறுங்குதிகால்கள்.

“இதைத்தான் நான் சொன்னனான்,” என்றார்.

“எதை?”

“பயமில்லையோ எண்டு நீங்கள் கேட்டியளாம். நான் சொன்னன், சப்பாத்துப் பெரிசு, குதி உரிஞ்சு போச்சு, அந்த ஐயா போட்டிருக்கிற சொக்ஸைத் தருவாரோ எண்டு கேளுங்கோ எண்டு. அவ்வளவுதான். தாய் தேப்பன் எண்டு ஒண்டும் சொல்லேல்லை.”

அவர் சிரித்தார். “அந்த மொழிபெயர்ப்புப் பொடியனும் பாவம். லண்டன் பத்திரிகைக்குச் சொக்ஸ் எண்டு சொல்ல வெக்கப்பட்டிருப்பான்.”

பிறகு சிரிப்பு நின்றது. “என்ர அம்மா அந்த நேரம் அதே முகாமிலை தண்ணி லொறிக்குப் பக்கத்திலை பிளாஸ்ரிக் கானோட நிண்டவ, அண்ணை. அம்மா அங்கை நிக்கேக்கை நான் துவக்கை அம்மா எண்டு சொல்லுவனோ? எனக்கு அந்தத் துவக்கைக் கண்ணிலை காட்டக்கூடாது. இரவிலை அதோட படு எண்டு அடிப்பினம்.”

அந்தச் சுவரொட்டி பாரிசுக்கும் வந்திருக்கிறது. யாரோ ஒரு பெண்மணி நல்லெண்ணத்துடன் அதைத் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். “இருவத்திநாலு வயசிலை அகப்பைக் காம்பாலை அடி வாங்கினனான்,” என்றார் சொபால். “நான் சொல்லேல்லை எண்டு சத்தியம் பண்ணியும் அம்மா கடைசிவரை நம்பேல்லை.”

“மாமி எனக்கும் எச்சரிக்கை தந்தவ,” என்றார் வசந்தி, அடுப்படியிலிருந்து. “கலியாணத்துக்கு முதல் நாள். இவன் துவக்கை அம்மா எண்டவன், உன்னை என்னெண்டு சொல்லுவானோ தெரியாது, கவனம் எண்டு.”

மூவரும் சிரித்தோம். ஆனால் விஷயம் அத்துடன் நிற்கவில்லை. அவர்களுடைய பதினான்கு வயது மகள் மாலி, பள்ளி நடைகூடத்தில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறாள். படத்தின் கீழே தந்தையின் பெயர். வீட்டுக்கு வந்து, “அப்பம்மா இருக்கேக்க ஏன் அப்பிடிச் சொன்னீங்க?” என்று கேட்டிருக்கிறாள். பதிலை நம்பாமல் இரண்டு நாள் தந்தையுடன் பேசவில்லை. அதன் பிறகுதான் சொபால் நிறுவனத்துக்கு எழுதினார்: அது என் வாக்கு அல்ல, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவர்கள் மிகுந்த மகிழ்ச்சியுடன் பதில் அனுப்பி மேடைக்கு அழைத்தார்கள். எடுப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “அவளுக்கு முன்னாலை சொல்லிப்போட வேணும், அண்ணை. வேறை ஒண்டும் வேண்டாம்,” என்றார்.

நிகழ்ச்சியின் ஒருங்கிணைப்பாளரை அன்று பிற்பகலே தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். இனிமையாகப் பேசினார். பதாகை பன்னிரண்டு அடியில் அச்சாகிவிட்டது. ஆதரவாளர்கள் அந்த வரியோடு வளர்ந்தவர்கள். சொபால் அதை மேடையில் ஒருமுறை சொன்னால் அரங்கம் உருகிவிடும். சொற்கள் சற்றே வேறாக இருந்திருக்கலாம் என்றாலும் அந்த வாக்கியம் உணர்வளவில் உண்மை என்றார். உணர்வளவில் உண்மை என்பதற்குத் தமிழில் ஒரே சொல் உண்டு. பொய். உயிரோடு தண்ணீருக்கு நின்றிருந்த ஒரு தாயை இத்தனை ஆண்டுகள் சுவர்தோறும் இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு நன்கொடையும் பெற்றிருக்கிறார்கள். “நாளை சந்திப்போம்” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

மாலையில் ஒரு சிறு உலா. கோலியர்ஸ் வுட்டில் தங்குவோர் மெர்டன் அபி மில்ஸைத் தவறவிடக் கூடாது. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, வான்டில் ஆற்றங்கரை, பழைய நீர்ச்சக்கரம் இன்றும் சுழல்கிறது, பார்வைக்குக் கட்டணமில்லை. சொபால் அங்கிருந்த வாத்துகளுக்கு ரோல்ஸின் ஓரங்களைப் போட்டார். அவை ஆர்வத்துடன் உண்டன.

சனிக்கிழமை காலை டூட்டிங் சந்தை. சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம். நடந்தால் இருபது நிமிடம். கூரை போட்ட ஒடுங்கிய சந்துகளில் மரவள்ளி, கருவாடு, கைத்தொலைபேசி உறை, கல்யாணச் சேலை எல்லாம் தோளோடு தோள் உரசி இருக்கின்றன. காலுறைக் கடைக்காரர் வசந்திக்குத் தெரிந்தவர்.

“மூண்டு சோடி ரெண்டு பவுண்ஸ். தோய்ச்சாச் சுருங்காது, அக்கா.”

“போன முறையும் இதைத்தான் சொன்னனீர். இப்ப அதை மாலியின்ர பொம்மைக்குப் போடலாம்.”

நான் சாம்பல் நிறத்தில் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது சொபாலைக் கருவாட்டுப் பக்கம் அனுப்பிவிட்டேன்.

அங்கிருந்து வாட்டர்லூவுக்கு எழுபத்தேழாம் எண் பேருந்து. அட்டையில் ஒரு பவுண்டு, கைக்காசாக இரண்டு. நேரமிருப்பவர்கள் சுரங்க ரயிலை விடுத்து இதில் செல்லுங்கள். மேல்தட்டின் முன்னிருக்கை கிடைத்தால் அது ஒரு மணி நேர இலவசச் சுற்றுலா: ஏர்ள்ஸ்ஃபீல்ட், வான்ஸ்வர்த், கிளாப்பம் சந்திப்பு, வாக்ஸ்ஹால், கடைசியில் ஆற்றுக்கு அப்பால் நாடாளுமன்றம். மரக்கிளைகள் கண்ணாடியில் அறையும்போதெல்லாம் சொபாலும் நானும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தோம். பின்னிருக்கையில் மாலி, “ஓ மை காட், ரெண்டு பேரும் சேம்,” என்று தாயிடம் முறையிட்டாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு அடியில் அந்த வரி தொங்கியது. கம்போடியரின் கெமர் மொழியை மொழிபெயர்க்க ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். சொபால் அவரிடம் கைகூப்பி, தம் மொழியில் ஏதோ சொல்லி, ரோல்ஸ் பையை அவர் மடியில் வைத்தார். அவர் சிரித்தபடி உண்ணத் தொடங்கினார். பிறகு சொபால் என் காதில்:

“மொழிபெயர்ப்பாளராலை ஒருக்கால் பட்டது காணும். என்ர இங்கிலிசும் கடை இங்கிலிஸ். நான் தமிழிலை சொல்லுறன், நீங்கள் மாத்துங்கோ. ஒரு சொல்லும் கூட்டக்கூடாது.”

தழுவலை எதிர்பார்த்து ஒளிவிளக்குகள் திரும்பின. நாங்கள் கைகுலுக்கி அமர்ந்தோம். ஒருங்கிணைப்பாளர் பதாகையைப் பார்த்தவாறு, அன்று இவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

“அண்ணை, நீங்கள் அண்டைக்குக் கேட்டதைத் திரும்பக் கேளுங்கோ,” என்றார் சொபால்.

“பயமா இல்லையா?”

“சப்பாத்துப் பெரிசு. குதி உரிஞ்சு போச்சு. நீங்கள் போட்டிருக்கிற சொக்ஸைத் தருவீங்களோ? கெதியாச் சொல்லுங்கோ. அம்மா தண்ணிக்கு நிக்கிறா, நான் போய்க் கான் தூக்க வேணும்.”

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த மனிதர் அன்று சொன்னது இதுதான், மேலே தொங்குவது இவருடையது அல்ல என்று என் பங்குக்கு ஒரு வாக்கியம் சேர்த்தேன். முன்வரிசையில் மாலி மட்டும் முதலில் சிரித்தாள், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் பையிலிருந்து காலுறையை எடுத்தேன். சொபால் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “இப்ப எட்டாம் நம்பர், அண்ணை,” என்றார். பிறகு அந்தப் பன்னிரண்டு அடியின் கீழேயே அமர்ந்து, சப்பாத்தைக் கழற்றி, அவசரமில்லாமல் ஒவ்வொரு காலாகப் போட்டுக்கொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒருங்கிணைப்பாளரும் கைதட்டினார், வேறு வழி இருக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் மாலி தந்தையின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். “உங்க மாமி இருந்து பாத்திருந்தா இப்ப நம்பியிருப்பாங்க,” என்றேன் வசந்தியிடம்.

“அவவோ? புதுச் சொக்ஸை மேடையிலை போட்டு ஊத்தையாக்கினதுக்கு இன்னொரு அகப்பை முறிஞ்சிருக்கும்,” என்றார்.

அந்தப் படத்தின் உரிமை என்னிடமே இருக்கிறது. அனுமதியைத் திரும்பப் பெறுவதாக நிறுவனத்துக்கு நான்கு வாக்கியங்களில் எழுதிவிட்டேன். விளக்கம் கேட்டு மறுமொழி வந்தது. நான் அனுப்பியதில் எல்லாம் இருந்தது.

இறுதியாகச் செல்வோருக்குச் சில சொற்கள். மே மாத லண்டனில் மதியம் வெயில் ஏமாற்றும், மாலை குளிரும். மேலங்கியை விடுதியில் விட்டுவிட்டுப் புறப்படாதீர்கள். எழுபத்தேழில் கூட்டம் குறைவான நேரம் காலை பத்துக்குமேல். உங்களுக்குத் தெரியாத மொழியில் ஒருவர் சொன்னதை மற்றொருவர் அழகாகச் சொல்லித் தந்தால், இன்னொரு முறை கேளுங்கள். பெட்டியில் கூடுதலாக ஒரு சோடி காலுறை வையுங்கள். கேட்டால் உடனே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். நமக்கு மாற்று இருக்கும்.