எஞ்சினில் சுற்றியிருந்த முடி

என் தங்கைக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. நடப்பாள், பெடல் மிதிக்க முடியாது. ஸ்கூட்டர் வாங்கித் தரலாமென்றால், நிறுத்தும்போது அந்தக் கனத்தைத் தாங்க அவள் காலால் ஆகாது. போன வருஷம் சென்ட்ரல் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து நெமிலிச்சேரி ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ உள்ளே வராது. நாலு நாள் நடந்து போய்வந்து, வீங்கின காலோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முன் நாலு வருஷம் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்ததைப் பார்த்தவள் நான்தானே.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். பதினெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. வீட்டில் சும்மா கிடந்த என் லேடீஸ் சைக்கிளிலேயே எஞ்சின் ஏற்றிவிடுகிறேன் என்று கிளம்பி, பூந்தமல்லியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஒரு மொபெட் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுள்ளென்ற வெயில். வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். எஞ்சினைப் பெடலுக்குச் சற்று மேலே வைத்து, சீட்டுக்குக் கீழே இறங்கும் கம்பியோடும் முன்கம்பியோடும் சேர்த்து இரண்டு கிளாம்ப் இறுக்க வேண்டும். இடையில் பழைய டயர் ரப்பரைக் கொடுக்காவிட்டால் அதிர்வில் ஃபிரேமே விட்டுப்போகும். முதலில் எஞ்சினைச் சுத்தம் செய்யலாமென்று பார்த்தால், செயின் மாட்டும் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஆயில் கசிந்திருந்தது. கழற்றினேன். உள்ளே தண்டைச் சுற்றித் தேங்காய் நார் மாதிரி ஏதோ கறுப்பாக இறுகிக் கிடந்தது. பிளையரால் பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது.

பெட்ரோலில் அலசியதும் தெரிந்துவிட்டது. முடி. ஒரு பெண்ணின் முடி, என் கை நீளத்துக்கு மேல் இருந்தது. ஒரு முனை நேராக வெட்டப்பட்டிருந்தது.

ஓடுகிற செயினில் முடி மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொண்டை போட்டுத் தொப்பிக்குள் திணிக்காமல் எங்கள் பட்டறையில் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். வெட்டியிருக்கிறார்களே, உயிரோடு இருப்பவளை விடுவிக்கத்தானே கத்தரிக்கோலைத் தேடியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. உள்ளே என் தங்கை தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும்.

சீப்பில் உதிர்கிற முடியைச் சுருட்டி, மூன்று தரம் தூவென்று துப்பிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். முன்பின் தெரியாதவளின் முடியை எப்படித் துப்பிப் போடுவது? பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு அன்று மாலையே திருவேற்காட்டுக்குப் போனேன். கோயிலில் பூமுடி கொடுக்கிற இடத்தில், மற்ற பெண்களின் முடியோடு போட்டுவிட்டு வந்தேன். கத்தரியோடு உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பும் வழியில் பூந்தமல்லியில் இறங்கி இரும்புக் கடைக்காரரிடம் எஞ்சின் யாருடையது என்று கேட்டேன். மொத்தமாக லாட்டில் வந்தது, இதற்கெல்லாம் ஜாதகமா பார்ப்பார்கள் என்று சிரித்தார். மாற்றிக் கொடுக்க அவரிடம் வேறு எஞ்சினும் இல்லை.

தங்கையிடம் நான் மூச்சு விடவில்லை. அன்று ராத்திரியே புது ஆயில் சீல் போட்டு எஞ்சினை ஏற்றினேன். எண்ணெய் டின் தகட்டை வெட்டி, செயினை ஒரு விரல்கூட நுழையாதபடி மூடினேன். கொண்டை போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பவள், அன்று சரி என்று தலையாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை வண்டி ஓடியது. ஒரு வாரம் கழித்து, தெருக்கோடி வாய்க்கால் பாலம் தாண்டியதும் பின்னால் ஆள் ஏறின மாதிரி இழுக்கிறது என்றாள். டயரில் காற்று, பிரேக் கட்டை, செயின் இறுக்கம் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சரி, நானே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பால் வண்டியுமாக ஜனம் போகிற நேரம். பாலம் தாண்டி இருபதடி போயிருப்பேன், சைக்கிளின் பின்பக்கம் தாழ்ந்தது. ஹேண்டில் லேசானது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினதும் இறங்கிவிட்டது. கனத்தைச் சொல்கிறேன்.

என் பதினெட்டு வருஷத் தொழிலில் அதற்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. மறுநாள் காலை எஞ்சினைக் கழற்றிவிடுவது என்று ஸ்பேனரோடு வாசலுக்கு வந்தேன். அவள் அதற்குள் சைக்கிளைத் தெருவில் இறக்கி ஏறி உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பை ஹேண்டிலில் தொங்கி அவள் முழங்காலில் இடித்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பையைக் கேரியரில் வைக்க வேண்டியதுதானே என்றேன்.

"அங்க அவங்க உக்காருவாங்கல்ல," என்றாள்.

யார் என்று கேட்டேன். அந்த முடிக்குச் சொந்தக்காரங்கதான் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முடியை இழுத்து எடுத்ததை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். வாயைத் திறந்தால் எஞ்சினை ஏற்றாமல் விட்டுவிடுவேன் என்று பேசாமல் இருந்தாளாம். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"கீதுக்கா. தெனம் பாலத்தாண்ட போனா சாமி பேர சொல்லிகினேதான் ஓட்றேன்," என்றாள். "ஆனா நாலு வருசம் ஊட்லயே குந்திகினு இருந்தேனே, அத்த விடவா? அவங்க வந்தா வரட்டும். எனக்கு எட்டு பத்துக்கு ரயிலு."

வலது காலால் தரையை உந்தி, எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் ஸ்பேனரும் கையுமாக வாசலிலேயே நின்றேன். பாலத்துப் பக்கம் சத்தம் ஒரு நொடி தணிந்து, பாரம் ஏற்றிக்கொண்ட வண்டி மாதிரி மெதுவாக மறுபடி எழுந்தது.