சேஷனுக்கு ஆறு பட்டுத் துண்டுகள்

ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் இங்கிலாந்து சரித்திரமுமாக வலியசாலைத் தெருவில் நடமாடிய முதல் மாட்டுப்பெண் சூடாமணிதான். அது கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினைந்தாம் ஆண்டு. வெள்ளைக்காரன் கணக்கில் 1940. திருவனந்தபுரத்தில் சர்வகலாசாலை பிறந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. சூடாமணியின் பிள்ளை சேஷன் பிறந்து எட்டு மாதம். இரண்டில் எதனால் ஊருக்கு அமர்க்களம் அதிகம் என்று கேட்டால், தெருவில் யாரும் யோசிக்காமல் சேஷன் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். அவன் வாயைத் திறந்தால் கிள்ளிப்பாலத்தில் வண்டிமாடு மிரளும். கரமனை ஆற்றில் முழுகிக்கொண்டிருந்தவர்கள் கோயில் சங்கு ஊதுகிறது என்று எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி முழுகுவார்கள். பொய்யென்று தோன்றினால் அந்த மாட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

சூடாமணிக்குப் பத்தொன்பது வயது. பி.ஏ. கடைசி வருஷம். கணவன் பட்டாபி வித்துராவுக்கு அப்பால் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். மாதம் இரண்டு தடவை மலை இறங்கி வருவான். அவனும் பி.ஏ. படித்தவன்தான், இரண்டு தடவை. இரண்டு தடவையும் சர்க்கார் அவனைத் தேர்ச்சி பெற்றவர்கள் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

எதிர்வீட்டு சொர்ணம்மாளின் மகனோ ஒரே மூச்சில் பாஸ் செய்து, பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று பித்தளையில் பொறித்து வாசலில் மாட்டிவிட்டான். காலையில் வாசல் தெளிக்கும்போதெல்லாம் அது வெயிலில் மின்னி லலிதாம்பாளின் கண்ணைக் குத்தும். லலிதாம்பாள் சூடாமணியின் மாமியார். நாற்பத்திரண்டு வயது, நடையில் இருபது.

"இந்தாத்துக்கு ஒரு பி.ஏ. வந்தாகணும், கேட்டியா சூடா? பிள்ளையால ஆகலை. மாட்டுப்பெண்ணாலயாவது ஆகட்டும். நீ படி, குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொன்னபோது, அடுப்படியில் நின்றிருந்த சூடாமணிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கையில் ரசம் இருந்ததால் குதிக்கவில்லை.

சொல்வது எளிதாக இருந்தது. பிரசவத்துக்கு எடுத்த லீவு மலைபோல் நின்றது. பெண்கள் கல்லூரியின் வெள்ளைக்காரத் தலைமை அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "மார்ச் வரைக்கும் இன்னும் ஐந்து நாள் வராமல் இருக்கலாம். ஆறாவது நாள் வராவிட்டால் பரீட்சை கிடையாது" என்று சொல்லிவிட்டாள். அந்த ஐந்து நாளைச் சூடாமணி தீபாவளிக்கு எடுத்துவைத்த பட்சணம்போலப் பொத்திப் பொத்தி வைத்தாள். சளிக்கு ஒன்று, அம்மை குத்தியதற்கு இரண்டு என்று மூன்று போயின. இரண்டு மிச்சம்.

கஷ்டம் என்னவென்றால் மடி. சூடாமணியின் மாமனார் சுந்தரராமன் கோயிலில் வேதபாராயணம் செய்பவர். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து வீட்டுப் பூஜை செய்வார். அது முடிய உச்சியாகும். அதுவரை லலிதாம்பாள் மடி. விடியற்காலையில் குளித்து, யாரும் தொடாமல் உயரக் கொடியில் உலர்ந்த புடவையைக் குச்சியால் எடுத்துக் கட்டிக்கொண்டால், பூஜை முடிந்து இலை போடும்வரை பிறர் உடம்பிலோ உடுத்த துணியிலோ அவள் கை படக்கூடாது. பேரன் மேல்கூட. சூடாமணிக்குக் கல்லூரி மணி அடிப்பது பத்துக்கு. ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை சேஷன் யார் கையில் இருப்பான்?

முதலில் லலிதாம்பாள் தொட்டிலில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். கயிற்று நாருக்குத் தீட்டு இல்லையாம். கூட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டே காலை ஆட்ட, அடுத்த அறையில் தொட்டில் ஆடும். அவள் வேகமாக அரைத்தால் அவனும் வேகமாக ஆடுவான். துவையல் அரைக்கும் நாளில் பிள்ளைக்குத் தலை சுற்றும். அப்படி மூன்று மாதம் ஓடியது. ஆறாம் மாதம் சேஷன் தவழத் தொடங்கினான். முதல் நாளே நேராக அடுப்பைப் பார்த்துத்தான் புறப்பட்டான்.

அம்மணக் குழந்தைக்குத் தீட்டு இல்லை என்பார்கள். அதையும் செய்து பார்த்தார்கள். இடுப்பில் வெறும் அரைஞாணோடு பாட்டியின் மடியில் ஏறி உட்கார்ந்த சேஷன், சாளக்கிராமத்துக்கு மாமனார் பால் விடுவதற்கு முன் தானே ஓர் அபிஷேகம் செய்துவிட்டான். அன்று பூஜை இரண்டு தடவை நடந்தது. மறுநாள் சூடாமணி கல்லூரிக்குப் போகவில்லை. ஒரே ஒரு நாள் மிச்சம்.

அன்று லலிதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மண்டு! நான் ஒரு மண்டு! பட்டுக்குத் தீட்டு கிடையாதே! பட்டை உடுத்திவிட்டா மடியிலயே தூக்கலாமே!" அன்று மாலையே தன் கல்யாணக் கூறைப்புடவையின் தலைப்பிலிருந்து ஒரு முழம் வெட்டினாள். கத்தரிக்கோல் ஓடிய சத்தத்தில் சூடாமணிக்குக் கண் கலங்கிற்று. "அழாதே. கூறைப்புடவையைக் கட்டிண்டு இனிமே எனக்கு எந்த மணையில உட்காரணும்? பிடி, பின்னாடி முடிச்சுப் போடு."

ஒரு துண்டு, சேஷனுக்குப் பதினைந்து நிமிஷம். மாற்றுக்கு இன்னும் வேண்டும். மலை இறங்கி வந்த பட்டாபி சாலைக் கடைத்தெருவுக்குப் போய், தெருவோரத்தில் துணி விரித்திருந்த யாரோ ஒருவனிடமிருந்து ஆறு துண்டுகள் வாங்கி வந்தான். மினுமினு என்று ரோஜா நிறம். "அசல் பட்டும்மா. அவன் சத்தியமே பண்ணினான்." முதல் துண்டை உடுத்தி மாமியார் மடியோடு பேரனைத் தூக்கிக் கொஞ்சியபோது, பட்டாபி தானே பி.ஏ. பாஸானதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

அதன்பின் ஒரு நாள் தப்பவில்லை! காலை முழுதும் சேஷன் பட்டும் படாடோபமுமாகப் பாட்டி இடுப்பில். மாமனார் மணி அடித்தால் இவனும் கை தட்டுவான். பூஜை முடிந்து ஒரு கவளம் வாயில் போட்டதும் லலிதாம்பாள் அவனை வில்வண்டியில் வைத்துக் கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டு வருவாள். அங்கே கல்லூரி ஆயா தாசம்மாள், தேசப்படங்கள் வைக்கும் சின்ன அறையைப் பெருக்கி, ஒரு பாய் விரித்து, கதவுக்கு வெளியே முக்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருப்பாள். அவள் நாஞ்சில் நாட்டுக்காரி, ஆறு பெற்றவள்.

"உள்ள போ மக்ளே. பிள்ளைக்குப் பால் குடு. ஒருத்தரும் வரமாட்டாவ. வந்தா எலி கிடக்குன்னு சொல்லிருவேன்."

"எலி இப்படி அழுமா தாசம்மா?"

"பெருச்சாளின்னு சொல்லுவேன், போதுமா?"

ஐரோப்பாக் கண்டத்தின் படத்துக்குக் கீழே சேஷன் பால் குடிப்பான். சூடாமணி தலைக்கு மேலே பார்த்துப் பிரான்ஸின் எல்லைகளை மனப்பாடம் செய்வாள். அந்த நேரத்து வகுப்பில் தப்பிப்போன குறிப்புகளைக் கூடப் படிக்கும் பெண்கள் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளுவார்கள். இப்படியே பிப்ரவரி போயிற்று. மார்ச் வந்தது. பரீட்சை தேதியும் வந்தது.

முதல் பேப்பர் நாள், காலை எட்டரை மணி. பரீட்சைக்கு மணி அடிப்பது ஒன்பதரைக்கு. சூடாமணி தலை வாரிப் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓடிப் போய் எழுதிவிட வேண்டும் என்று துடித்தாள். அப்போது சொர்ணம்மாள் கொல்லைப் பக்கமாக உள்ளே வந்தாள். புதுப் பட்டுப்புடவை சரசரத்தது. கையில் கொடியிலிருந்து எடுத்த ஒரு ரோஜாத் துண்டு, நடுவில் கிழிந்திருந்தது.

"லலிதா, இதைப் பாரு. நனைஞ்ச காகிதம் மாதிரி கிழியறது. இது பட்டே இல்லை. ஜப்பான்காரன் சரக்காக்கும்! மரத்தைக் கூழாக்கி நூல் இழுக்கறானாம். இதை உடுத்தின குழந்தையைத் தொட்டுண்டு ரெண்டு மாசமா நைவேத்தியம் பண்ணிருக்கே. உங்காத்து மாமா உன் கையால சாப்பிட்டுட்டுக் கோயில்ல பாராயணத்துக்கு உட்காரறார். நான் சொல்லாம இருக்க முடியுமோ?"

சூடாமணியின் கையில் மை கொட்டியது. இனி மாமியார் சேஷனைத் தொடமாட்டாள். தொடாவிட்டால் அவள் போக முடியாது. மிச்சமிருந்த ஒரு நாள் லீவு வகுப்புக்குத்தான்; பரீட்சைக்கு ஏது லீவு? இன்று ஹாலுக்குள் உட்காராவிட்டால் பி.ஏ. இல்லை, அவ்வளவுதான். கூடத்துக் கடிகாரம் எட்டே முக்கால் காட்டியது. மாமியார் இடுப்பில் சேஷன் சொர்ணம்மாளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பட்டா இல்லையான்னு நெருப்பு சொல்லிடும்" என்றாள் லலிதாம்பாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டிலிருந்து ஒரு நூலை உருவினாள். பட்டு நூல் எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும் என்பது அந்தத் தெருவில் பிறந்த பெண்ணுக்கெல்லாம் தெரியும். பூஜையறைக் குத்துவிளக்கில் நூலைக் காட்டினாள். சுர்ரென்று பிடித்து ஒரு நொடியில் சாம்பலாய் உதிர்ந்தது.

சூடாமணி மூச்சை இழுத்தாள். பழைய செய்தித்தாளைக் கொளுத்தினால் வருமே, அதே வாசனை! அசல் காகிதம்!

லலிதாம்பாளின் மூக்கு சாமானியப்பட்ட மூக்கு இல்லை. நாலாவது வீட்டில் வெங்காயம் உரித்தால் இங்கிருந்தே எத்தனை வெங்காயம் என்று சொல்லும் மூக்கு. அந்த மூக்கு ஒரு தடவை விடைத்தது. அவள் பூஜையறையைப் பார்த்தாள், பேரனைப் பார்த்தாள், மை படிந்த விரல்களோடு நின்ற மாட்டுப்பெண்ணைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பொய் சொல்லாதவள் என்று பெயரெடுத்தவள், வாயைத் திறந்து நிதானமாகச் சொன்னாள்:

"முடி கருகற நாத்தம். பட்டேதான்."

"எனக்கு அப்படித் தோணலையே!" சொர்ணம்மாள் கிட்டே வந்தாள். "இன்னொரு நூல் கொளுத்து."

"கொளுத்தறேன். ஒண்ணை மட்டும் கொளுத்தினா வித்தியாசம் எப்படித் தெரியும்? நீ கட்டிண்டிருக்கறது கும்பகோணத்துப் பட்டுன்னு தெருவெல்லாம் சொன்னியே, அதுலேந்து ஒரு நூல் குடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பாத்துடலாம்."

சொர்ணம்மாளின் கை தன் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. அவள் முகம் ரோஜா நிறத்திலிருந்து மாதுளம்பூ நிறத்துக்குப் போனதைச் சூடாமணி கண்ணாரப் பார்த்தாள். ஜப்பான்காரன் மரத்தைக் கூழாக்கும் சங்கதி இந்த மாமிக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் புடவையோடுதான் அவளும் ஒரு மாதமாக மடியாய் நைவேத்தியம் செய்துகொண்டிருக்கிறாள்!

"நல்ல புடவையில நூலைப் பிய்க்கறதாவது!" என்று முனகினாள் சொர்ணம்மாள். "எனக்கும் ரெண்டு நாளா ஜலதோஷம். வாசனை சரியாத் தெரியலை. பட்டாத்தான் இருக்கும்." வந்த வழியே போனாள். இந்தத் தடவை புடவை சரசரக்கவில்லை. அவள் அதை அடக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அம்மா," சூடாமணி மாமியாரின் கிட்டே வந்தாள், "அது காகித வாசனைன்னா..."

"உனக்கும் ஜலதோஷமா? தெருவே ஜலதோஷத்துல கிடக்கு. மணி ஒம்பது தாண்டியாச்சு, ஓடுடீ! பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அந்த வெள்ளைக்காரிக்குப் பதில் நீதான் எழுதணும்!"

சூடாமணி ஓடினாள். வண்டிக்குக் காத்திராமல், ஒன்பது கஜப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேட்டில் ஏறி வளைவில் இறங்கி ஓடினாள். வழியில் ஒரு குதிரைவண்டியை முந்தியதாகப் பிற்பாடு குதிரையே ஒப்புக்கொண்டது. ஹாலுக்குள் அவள் உட்காரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மூன்று மணி நேரத்தில் பதினெட்டுப் பக்கம் எழுதினாள். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது வெளியிலிருந்து ஒரு கூக்குரல் கிளம்பியது. மேற்பார்வை பார்த்த அம்மாள் திடுக்கிட்டு ஜன்னலைச் சாத்தினாள். "பெருச்சாளி, மேடம்!" என்று தாசம்மாள் வராந்தாவிலிருந்து கத்துவது கேட்டது. சூடாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசி வரியையும் எழுதி, அடியில் கோடு போட்டு, எழுந்தாள்.

மற்றப் பேப்பர்களும் அப்படியே முடிந்தன. மே மாதம் முடிவு வந்தது. இரண்டாம் வகுப்பு! பட்டாபி போணக்காட்டிலிருந்து பித்தளைப் பலகை செய்து கொண்டுவந்தான். எதிர்வீட்டுப் பலகையைவிட அது இரண்டு விரற்கடை அகலம். அளந்துதான் செய்யச் சொல்லியிருந்தாள் லலிதாம்பாள்.

ஜூனில் கல்லூரி திறந்த முதல் நாள், காலை ஒன்பதேகால். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சூடாமணி கதவைத் திறந்தாள். வாசலில் சொர்ணம்மாள் நின்றாள். இடுப்பில் அவள் பேத்தி. பின்னால் புதுப் புத்தகக் கட்டோடு தலைகுனிந்து நின்றது அவள் மாட்டுப்பெண்.

"லலிதா இருக்காளா?" என்று கேட்டாள் சொர்ணம்மாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "இவளை இண்டர்மீடியட்ல சேர்த்திருக்கு. எனக்குக் காலம்பற மடி. குழந்தையை இங்க விட்டா என்ன துணி உடுத்தி அனுப்பணும்னு கேக்க வந்தேன்."

உள்ளே சேஷனை இடுப்பில் வைத்திருந்த லலிதாம்பாள் எட்டிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்:

"என்னத்தையாவது உடுத்து, சொர்ணம். மாத்துத் துணி மட்டும் நிறைய அனுப்பு!"