படகை விட்டு இறங்காதவள்

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு, எர்ணாகுளம் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டின் பாதியில் குடியேறினேன். பெரிய வீட்டை நடுவில் மரப்பலகை அடித்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். என் பாதியில் நான் ஒருத்திதான். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் அதற்கு முந்தைய வருடம் போய்விட்டாள். சாயங்காலம் படகில் வந்து இறங்கிக் கதவைத் திறந்தால், காலையில் கவிழ்த்து வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

அதனால்தான் கதை எழுத உட்கார்ந்தேன். தொடக்கம் மனதில் தயாராக இருந்தது. படகு கரைக்கு வந்து நிற்கிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், ஒரு பெண் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் போகவே இல்லை. மழை தூறியது என்று எழுதுவேன், பிறகு வெயில் என்று மாற்றுவேன். அவள் மடியில் ஒருநாள் பை இருக்கும், ஒருநாள் குடை இருக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். ஒரு வார்த்தை தடுக்கினாலும் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மழைக்காலம் போய்க் கோடையும் வந்துவிட்டது, அவள் படகிலேயே இருந்தாள். அம்மா இருந்திருந்தால், மாவை அரைத்துக்கொண்டே இருக்கிறாயே, தோசை எப்போது என்று கேட்டிருப்பாள்.

சமையலிலும் நான் இப்படித்தான். பக்கத்துப் பாதியில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. கணவனும் மனைவியும் பகலெல்லாம் கடையில் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் அந்தப் பெண் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தருவதை நன்றாகத் தர வேண்டும் என்று அதிரசம் சுட்டேன், எண்ணெயில் பிரிந்துபோனது. மைசூர்பாகு கிளறினேன், கல்லாகிவிட்டது. நன்றாக வரும்போது கொடுக்கலாம் என்று தூக்கு என் அலமாரியிலேயே தங்கிவிட்டது. பாத்திரத்தைக் கொடுக்காமல் அந்த வாசலில் நிற்க வெட்கப்பட்டு, பேச்சும் வளரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் கதவைத் தட்டினாள். "சேச்சி, நாளைக்கு நாங்க இடப்பள்ளிக்கு வீடு மாறுறோம். சாமான் கட்டிட்டிருக்கோம். அந்தத் தூக்கு இருந்தா..." என்று இழுத்தாள்.

எனக்கு முகமே சுண்டிப்போய்விட்டது. வேறு எதுவும் இல்லாததால், தூக்கு நிறையச் சர்க்கரையைக் கொட்டி எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். அவர்கள் பாதிக்குள் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தேன். நடுப்பலகையை ஒட்டி ஒரு கட்டில். அதில் அவளுடைய மாமியார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான் என்றாள். பலகைக்கு இந்தப் பக்கம் அவர் தலையணை, அந்தப் பக்கம் என் மேஜை.

"பக்கத்து வீட்டு டீச்சர்தானே?" என்றார் அவர். நான் டீச்சர் இல்லை என்றேன். "பின்ன ஏன் தினமும் ஒரே பாடத்தைப் படிக்கிறீங்க?"

அப்படியே ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் அவர் கேலி செய்யவில்லை. மழை, வெயில், பை, குடை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "இவங்க கடைக்குப் போனா பின்ன பேச ஆளில்ல. சாயங்காலம் உங்க சத்தம் கேட்கும். இன்னிக்கு இறங்குவா, இன்னிக்கு இறங்குவான்னு கேட்டுட்டுக் கிடப்பேன். நாளைக்கு நான் போயிருவேன் டீச்சரே. அவளுக்கு என்னாச்சுன்னு சொல்லுங்க."

இன்னும் முடிக்கவில்லை, நன்றாக எழுதி அனுப்புகிறேன் என்று சமாளித்தேன். தனக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும், தமிழ் பேச்சு மட்டும்தான், அதனால் வாயால் சொன்னால் போதும் என்று விடாப்பிடியாக இருந்தார்.

சொன்னேன். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லி, மறந்துபோனதை நடுவில் சொருகி, தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். அவள் ஏன் இறங்கவில்லை என்ற இடம் வந்தது. "அவ வீட்ல யாருமே இல்லம்மா. இறங்கிப் போய் என்ன செய்யிறதுன்னுதான் உட்கார்ந்திருக்கா" என்றேன். முதல் பத்தியை நான் ஏன் அத்தனை மாதம் திருத்திக்கொண்டே இருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது பத்திக்குப் போனால் நான் என்னைப் பற்றி எழுதியாக வேண்டும்.

அவர் படுத்தபடியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், எத்தனை நாளா அந்தப் படகிலேயே இருக்கா. இறக்கி விடுங்க டீச்சரே. இறங்கி ஒரு சாயா குடிக்கட்டும்."

மருமகள் என் சர்க்கரையைப் போட்டே சாயா கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குடித்தேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு இன்னொருவரோடு உட்கார்ந்து குடித்த முதல் சாயா அது.

மறுநாள் அலுவலகம் விட்டு வந்தபோது பக்கத்து வாசலில் பூட்டு தொங்கியது. அன்று, அவரிடம் சொன்னபடியே கதையை எழுதி, கடைசியில் அவளைப் படகிலிருந்து இறக்கிவிட்டு முடித்தேன். தடுக்கல்கள் அப்படியே இருந்தன. திருத்தினால் அவர் கேட்ட கதை இல்லாமல் போய்விடும் என்று பயம். பலகையைப் பார்த்து முழுவதும் படித்து, போனில் பதிவு செய்து மருமகளுக்கு அனுப்பினேன். அவர் குரலில் பதில் வந்தது: "இறங்கிட்டாள்ல? அது போதும்."

ஒரு கை தூரத்தில் எனக்கு ஒரு துணை இருந்த அந்த மாதங்களில்தான், யாருமே இல்லையென்று நான் அழுதிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அந்தப் பாதியில் இப்போது சுக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ஆனாலும் எழுதியதைச் சாயங்காலத்தில் சத்தமாகப் படிக்கிறேன். தடுக்கினால் தடுக்கட்டும் என்று அடுத்த பத்திக்குப் போய்விடுகிறேன், எங்கோ அந்தப் பக்கம் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவரை இனியும் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.