பின்னறைக்கு வந்த சிவப்பு அட்டைகள்

அன்னபுஷ்பம் எதையாவது தூக்கிப் போட்டதாகச் சாட்சி சொல்ல மண்ணூரில் ஆள் கிடையாது. அவள் வீட்டுப் பின்னறைக் கதவைத் தள்ளினால் பாதிதான் திறக்கும். மீதியைச் சாமான் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பெனி கேண்டீனில் பதினெட்டு வருஷம் காய் நறுக்கியவள். தீபாவளிக்குத் தீபாவளி அங்கே கொடுத்த ஹாட்பாக்ஸ்கள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. எண்ணெய் டின்கள், பெயிண்ட் வாளிகள், கம்பெனியில் இயந்திரம் இறக்கியபோது மிஞ்சிய பலகைகள், கால் உடைந்த கட்டில், தையல் மிஷின், இறந்துபோன கணவர் இருதயசாமியின் மூன்று ஜோடி செருப்பு. அதற்கும் மேலே குருத்து ஞாயிறுதோறும் கோயிலில் கொடுத்த பதினோரு வருஷத்துக் குருத்தோலை. மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. சாம்பல் புதனுக்கு முன்னால் எரித்துச் சாம்பலாக்கக் கோயிலில் கேட்டு வாங்குவார்கள், அப்போது கொடுத்திருக்கலாம். ஒன்றைக் கொடுத்தால் அடுத்த வருஷம் இன்னொன்று வரும் என்பதில் அவளுக்கு நம்பிக்கை போதவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை உளுந்து டப்பா எடுக்க உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தையல் மிஷின் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. அதில் ‘4’ என்று எழுதியிருந்தது. கட்டிலில் ‘5’. வாளி அடுக்கில் ‘6’. எல்லாவற்றிலும் கீழே தேதி. மருமகள் பெனிட்டாவின் கையெழுத்து.

இதை அவள் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள். வல்லம் பக்கம் குடியிருந்த வீட்டுச் சுவரில் ஒருநாள் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க வந்தவர்கள் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். தென்னைக்கு ஒரு எண், கிணற்றுக்கு ஒரு எண். ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். அடுத்த சித்திரைக்குள் அங்கே கம்பி வேலி வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மண்ணூரில் இந்த வீடு. எண் விழுந்த பொருள் கையில் நிற்காது என்பது அவள் பட்டறிந்த பாடம்.

பக்கத்து வீட்டு மீனம்மாளை மதில் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“யக்கா, போட்டோ புடிச்சாளா?”

“புடிச்சாடி. நேத்து உள்ள செல்லு லைட்டு அடிச்சுது. பல்லி தேடறான்னு நெனைச்சேன்.”

“பல்லிக்கு எதுக்குக்கா நம்பரு? புரோக்கருக்கு அனுப்பறா. வூடு கை மாறப் போவுது, நீ பாத்துகினே இரு.”

“பத்திரம் எங்கிட்ட கீது.”

“இன்னும் கீதா, போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தாள். இருந்தது. ஆனாலும் டிரங்குப் பெட்டி சரியான இடமில்லை என்று பட்டது. அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள். மத்தியானம் அதுவும் சரியில்லை என்று தலையணை உறைக்குள் மாற்றினாள்.

மகன் ரிச்சர்ட் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுச் சாப்பிட வந்தவனிடம் குழம்பு ஊற்றியபடி கேட்டாள். “உம் பொண்டாட்டி பின்னாடி ரூம்ல இன்னாடா பண்றா?”

“சும்மா கிளீன் பண்றாமா,” என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே.

பஸ் ஓட்டும்போது நேராகப் பார்க்கிறவன் சாப்பாட்டைப் பார்த்துப் பதில் சொல்கிறான் என்றால் விஷயம் இருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள்.

வியாழக்கிழமை ஒருவன் டேப்போடு வந்தான். பெனிட்டா அக்கா அனுப்பினாங்க என்றான். பின்னறைக் கதவை அளந்தான். ஒட்டியிருந்த குளியலறையை அளந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான்.

“பத்தாதும்மா. இந்த நெலையை இடிச்சுத்தான் ஆவணும்.”

“யாருக்குப் பத்தாது?”

“அதெல்லாம் அக்காவைக் கேளுங்க.”

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெனிட்டாவின் பீரோ மேல் இருந்த மிச்ச அட்டைகளை எடுத்தாள். மிக்சியில் ஒன்று கட்டினாள். பெனிட்டாவின் கல்யாணப் பட்டில் ஒன்று, வாங்கிய மாதமே ஓட்டம் நின்றுபோன உடற்பயிற்சி சைக்கிளில் ஒன்று, ஹாலில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் ரிச்சர்டின் கழுத்துக்கு நேராக ஒன்று. மருமகள் முப்பத்தொன்றில் நிறுத்தியிருந்தாள். அன்னபுஷ்பம் முப்பத்திரண்டிலிருந்து எண் பிசகாமல் போட்டாள்.

பெனிட்டா ஒரகடத்தில் கார் கம்பெனியில் வயர் கோக்கும் லைனில் டீம் லீடர். சாயங்காலம் வந்தவள் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“என்ன அத்தை, இவரையும் ஸ்கிராப்புல சேர்த்துட்டீங்களா?”

“சிரிக்காத. இன்னா அட்டை இது?”

“ரெட் டேக் அத்தை. வேணுமா வேணாமான்னு தெரியாத சாமானுக்கு எங்க லைன்ல கட்டுவோம். முப்பது நாள் பாப்போம். யாராவது வேணும்னா அவுத்துடுவோம். யாரும் கேக்கலைன்னா வெளிய போயிடும்.”

“கேக்கறவளுக்குக் கட்னது தெரியணும்ல? யாராண்ட சொல்லிட்டுக் கட்டுன?”

பெனிட்டா படத்திலிருந்த அட்டையை அவிழ்க்கப் போனாள். அன்னபுஷ்பம் குறுக்கே வந்து நின்றாள்.

“வூட்டை யாருக்கு விக்கறீங்க?”

“விக்கறதா? யாரு சொன்னா?”

“அளக்க வந்தவன் இடிக்கணும்னு சொல்லிட்டுப் போறான்!”

பெனிட்டா தோள்பையைக்கூட இறக்காமல் நின்றபடியே சொன்னாள். அவள் அம்மா ராஜம்மா சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் தனியாக இருப்பவள். போன மாதம் வழுக்கி விழுந்துவிட்டாள். அது அன்னபுஷ்பத்துக்கும் தெரியும், ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். இனி நடக்கவே மாட்டாள், சக்கர நாற்காலிதான் என்பது தெரியாது. அது நுழையத்தான் நிலையை அகலப்படுத்த வேண்டும். பின்னறை ராஜம்மாவுக்கு.

“இதை வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க வேணாம்னுடுவீங்களோன்னு பயம் அத்தை. ரூமைக் காலி பண்ணிட்டுச் சொல்லிக்கலாம்னு அவரும் சொன்னாரு.”

அன்னபுஷ்பம் யோசித்துப் பார்த்தாள். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். நிச்சயதார்த்தத்தன்று அன்னபுஷ்பத்தின் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “பட்டா, கலப்பா?” என்று சபையில் கேட்டவள் ராஜம்மா. அப்படிப்பட்டவள் பின்னறைக்கு வருகிறாள். முதலில் பின்னறை, அப்புறம் அடுக்களை. மகள் வேறு கூடவே இருக்கிறாள். வீடு விற்கவில்லை என்று மூச்சு விடுவதற்குள், வீடு வேறு வழியாகக் கைவிட்டுப் போகிறதோ என்று தோன்றிவிட்டது.

“உங்கம்மாகிட்ட எவ்ளோ சாமான் கீது?”

பெனிட்டா தயங்கினாள். “ஒரு குட்டியானை லோடு வண்டி ரொம்பும்.”

“அப்பிடிப் போடு! என் சாமான் தெருவுக்கு, அவ சாமான் வூட்டுக்குள்ளயா? நான் பாக்காம ஒரு கரண்டி உள்ள வராது.”

ஞாயிறு பூசை முடிந்ததும் ரிச்சர்டின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

ராஜம்மா சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தாள். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுப் பெண் காபி கொடுத்தாள், நலம் விசாரிப்பு முடிந்தது. அன்னபுஷ்பத்தின் கண் பரணுக்குப் போனது, அங்கிருந்து கட்டிலடிக்குப் போனது. அண்டா எத்தனை, பாய் எத்தனை, பெட்டி எத்தனை. ராஜம்மா அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்தாள்.

“இன்னா சம்மந்தி, வந்ததுலேந்து பரணையே பாக்கறீங்க? எம் பொண்ணு ரெண்டு வாட்டி வந்து போட்டோ புடிச்சுகினு போனா. இப்ப நீங்க. இந்த வூட்டை இன்னா பண்ணப் போறீங்க? நடக்க முடியாதவதானேன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லக் காணோம்.”

அன்னபுஷ்பம் வாசலில் நின்ற மகனைப் பார்த்தாள். அவன் அவசரமாகச் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான், அது அடிக்கவேயில்லை.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ராஜம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“உன்னை எங்க வூட்டுக்குக் கூட்டினு வரப் போறாங்க. உங்கிட்டயும் சொல்லலை, எங்கிட்டயும் சொல்லலை. ரூமு சின்னது. எல்லாத்தையும் கொண்டாற முடியாது. நீ எதை வுட்டுட்டு வரவே மாட்டியோ, மொதல்ல அதைச் சொல்லு.”

ராஜம்மா மடியிலிருந்த கைப்பையை இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஜிப்புக்கு வெளியே ஒரு பத்திரத்தின் முனை தெரிந்தது.