217-ஐ அழித்தபோது

மறியல் தொடங்கிய மறுநாளே ஆலை நின்றுவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். கச்சிராயபாளையம் பக்கம் ஒரு மரம் எங்கள் கரும்பு டிராக்டர் மேல் விழுந்தது. அதில் இருந்த சடையனை யாரோ தூக்கிப் போனார்களாம். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியவில்லை, ஃபோனும் வேலை செய்யவில்லை. சடையன் கல்வராயன் மலைக்காரர், எங்கள் ஆலையில் அவர் டோக்கன் நம்பர் 217.

மேனேஜர் வந்தார். "இன்னாய்யா பாத்துகினு இருக்க? செத்தவன் பேர எடுத்துடு."

"செத்தாருன்னு யாரு பாத்தாங்க சார்?"

"எடுன்னா எடு. நாளைக்கு நஷ்டஈடு கேட்டு வந்து நிப்பாங்க."

ஆட்கள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான்தான். சி மொழியில் எழுதியது. உள்ளே ஒரு டேட்டாபேஸ் லைப்ரரி, விவரங்களைச் சேர்த்துவைக்க வேறு யாரோ எழுதித் தந்தது. தனி சர்வரெல்லாம் கிடையாது, என் புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும். டோக்கன் நம்பர்தான் கீ. அதைக் கொடுத்தால் பேர், ஊர், வீட்டார் விவரம் எல்லாம் வேல்யூவாக வரும். 217-க்கு டிலீட் கொடுத்தேன். தேடிப் பார்த்தேன், இல்லை.

மறுநாள் காலை 217 கேட்டால் ஸ்கிரீனில் சடையன் வந்து நிற்கிறார்! மறுபடி அழித்தேன். அடுத்த நாளும் வந்தார். டைப்பிஸ்ட் அம்மா அந்த அறைப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார்.

சடையனின் மனைவி மலையிலிருந்து நடந்தே வந்து ஆலை வாசலில் கிடந்தார். தினமும் ஒரே கேள்விதான்.

"சார், பொட்டியில அவுரு பேரு இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

"அப்ப ஆளும் இருக்காருங்க."

பேயுமில்லை, பிசாசுமில்லை என்று பிறகுதான் பிடிபட்டது. அந்த லைப்ரரி மாற்றங்களை மெமரியில் வைத்திருந்து, ஃபைலை குளோஸ் செய்யும்போதுதான் டிஸ்கில் எழுதும். கரண்ட் தாறுமாறாக வருகிறதென்று, நான் குளோஸ் செய்வதற்குள் வாட்ச்மேன் தினமும் மெயின் ஸ்விட்சை இறக்கிக்கொண்டிருந்தார். ஆலை நின்றிருந்ததால் நான் செய்த ஒரே மாற்றம் 217. அதனால் அது மட்டும் திரும்பி வந்தது. "யோவ், ஒரு வார்த்த சொல்லிட்டு எறக்கக் கூடாதா?" என்று அவரிடம் கத்தித் தீர்த்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மேனேஜர் பக்கத்தில் நிற்க, டிலீட் கொடுத்து குளோஸும் செய்தேன். மெஷினை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். 217 இல்லை. மேனேஜர் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

வெளியே வந்தால் வாசலில் சடையனின் மனைவி. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லம்மா."

"ஆரு எடுத்தது?"

"நான்தாம்மா."

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எடுத்தவரே போடுங்க சார். அவுரு அங்க வழி தெரியாம நின்னுகினு இருப்பாரு."

மேனேஜராவது மண்ணாங்கட்டியாவது என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா சொல்லச் சொல்ல டைப் செய்து 217-ஐ ஏற்றி, குளோஸ் செய்தேன்.

பாதை திறந்ததும் சடையன் வந்தார், உயிரோடு! சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து, காலில் கட்டோடு. சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காலு பரவால்லீங்க சார். நெனப்பும் மொதல்லேருந்து நல்லாத்தான் இருந்துச்சு. செவ்வாக்கெழம மத்தியானம் மட்டும், நர்சம்மா பேரு கேட்டாங்க. எம்பேரு வரல சார். ஊரு பேரு, பொண்டாட்டி பேரு, ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு தானா வந்துட்ச்சு."

அதற்குப் பிறகு எத்தனையோ டேட்டாபேஸ் செய்துவிட்டேன். ஆள் பேரை அழிக்கும் வசதியை மட்டும் எதிலும் வைத்ததில்லை. 'வேலையில் இல்லை' என்று குறிப்பதோடு சரி. இடம் வீணாகிறதே சார் என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்பார்கள். வீணாகட்டும்.